வெறுந்தறி

சக்கரவர்த்திக்கு உடுப்புத் தைத்த கதை தோழர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்லக் கேட்டுச் சிரித்திருப்பீர்கள். சிரிப்பு நியாயமே. ஆனால் ஒரு தலைமைக்குக் கண் எப்படிக் கெடுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன கதை வேறு அதிகம் கிடையாது.

எழுதியவர் டென்மார்க் தேசத்து ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். 1805ல் பிறந்தவர். தகப்பனார் செருப்புத் தைக்கும் தொழிலாளி. தாயார் ஊரார் துணி வெளுத்துப் பிழைத்தவர். சிறு வயதில் துணி ஆலை ஒன்றில் ஆண்டர்சனும் சில நாள் வேலை செய்திருக்கிறார். இந்தக் கதை 1837ல் கோபன்ஹேகன் நகரில் வெளியாயிற்று.

இரண்டு மோசக்காரர்கள் சக்கரவர்த்தியிடம் வருகிறார்கள். தாங்கள் நெய்யும் துணி உத்தியோகத்துக்கு லாயக்கற்றவன் கண்ணுக்கும், அடிமுட்டாள் கண்ணுக்கும் தெரியாது என்கிறார்கள். சக்கரவர்த்தி உடனே பணம் கொடுக்கிறான். துணி மீது ஆசை என்பது ஒரு பக்கம். இதை உடுத்திக் கொண்டால் எந்த அதிகாரி லாயக்கற்றவன் என்று சுலபமாகக் கண்டுபிடித்து விடலாமே என்ற கணக்கு இன்னொரு பக்கம். வம்பு முளைத்த இடம் இந்தக் கணக்குத்தான்.

பட்டு நூலும் பொன் சரிகையும் கேட்டு வாங்கிப் பைக்குள் திணித்துக் கொண்டு, இருவரும் வெறுந்தறியில் இரவு பகலாக வேலை செய்வதாக நடிக்கிறார்கள். பாவு இல்லை, ஊடை இல்லை. தறி ஓட்டத் தெரிந்த ஒரு தொழிலாளியை அரை நிமிஷம் அங்கே நிறுத்தியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும்! ஆனால் அரண்மனையில் தறி தெரிந்தவனைக் கேட்கிற வழக்கம் இல்லை. மந்திரியை அனுப்புகிறார்கள்.

அந்த மந்திரி முகஸ்துதிக்காரர் அல்ல. யோக்கியமான கிழவர் என்றே ஆண்டர்சன் சொல்கிறார். தறி வெறுமையாக இருப்பது அவர் கண்ணுக்குத் தெரிகிறது. 'நான் உத்தியோகத்துக்கு லாயக்கில்லாதவனா? வெளியே தெரிந்தால் என்ன ஆகும்?' என்று நடுங்குகிறார். திரும்பிப் போய் துணி பிரமாதம் என்று ரிப்போர்ட் கொடுக்கிறார். அடுத்துப் போன அதிகாரியும் யோக்கியர்தான்; அவரும் அதையே சொல்கிறார். யோக்கியர்களைப் பொய்யர்களாக்கியது எது? சக்கரவர்த்தி வைத்த பரீட்சை. 'என் கண்ணுக்குத் தெரியவில்லை' என்று சொல்கிறவனுக்குப் பதவி போகும் என்று ஏற்பாடு செய்துவிட்டால், பிறகு உண்மை யார் வாயிலிருந்து வரும்?

இந்தக் கதைக்கு மூலம் ஒன்று உண்டு. ஸ்பெயின் தேசத்துப் பிரபு ஜுவான் மானுவேல் 1335ல் முடித்த புத்தகத்தில் இருக்கிறது. அதில் துணியின் மகிமை வேறு: தன் தகப்பனுக்கு உண்மையில் பிறக்காதவன் கண்ணுக்கு அது தெரியாது. அப்படிப்பட்டவனுக்குத் தகப்பன் சொத்து கிடையாது. பலருடைய சொத்து நம் கஜானாவுக்கு வரும் என்று ராஜா சந்தோஷப்படுகிறான். சொத்துள்ளவன் ஒவ்வொருவனும் வாயை மூடிக் கொள்கிறான். கடைசியில் பேசியவன் ராஜாவின் குதிரையைப் பராமரிக்கும் கறுப்பு இனத் தொழிலாளி. பறிகொடுக்க அவனிடம் எதுவும் இல்லை. அவன் சொன்ன பிறகு இன்னொருவன், பிறகு மற்றொருவன் என்று எல்லோருக்கும் பயம் தெளிந்தது. ஆண்டர்சன் அந்தக் குதிரைக்காரன் இடத்தில் ஒரு குழந்தையை நிறுத்தினார். கதை அழகாயிற்று என்பதை ஒப்புக் கொள்கிறோம். நமக்கு என்னவோ குதிரைக்காரனைத்தான் அதிகம் பிடிக்கிறது.

ராஜாக்கள் கதை நமக்கெதற்கு என்று சில தோழர்கள் கேட்கக் கூடும். செங்கொடி பறந்த இடத்திலும் வெறுந்தறி ஓடியிருக்கிறது. அதை எதிரிகள் சொல்லித்தான் நம் தொழிலாளி தெரிந்து கொள்ள வேண்டுமா?

1958ல் சீனத்தில் 'பெரும் பாய்ச்சல்' இயக்கம் நடந்தது. மகசூலைக் கூட்டிக் காட்டுகிறவன் முன்னேறிய ஊழியன், சந்தேகப்படுகிறவன் பிற்போக்காளன் என்ற நிலை உண்டாயிற்று. அந்த ஆகஸ்டில் ஹுபே மாகாணத்து மாச்செங்கில் ஒரு மூ நிலத்தில் 36,900 ஜின்னுக்கு மேல் நெல் விளைந்ததாகக் கட்சிப் பத்திரிகையே செய்தி போட்டது. நமது கணக்கில், ஏறக்குறைய 16 சென்ட் நிலத்தில் 18 டன்! அரை டன் கண்டாலே அமோக விளைச்சல் என்போம். பல வயல்களில் முற்றி நின்ற பயிரைப் பிடுங்கி வந்து ஒரே வயலில் நெருக்கி நட்டுக் காட்டியிருக்கிறார்கள். கதிர்களின் மேல் குழந்தைகள் ஏறி நிற்கும் படமும் பத்திரிகையில் வந்தது. நாற்று நடுகிற எந்தப் பெண்ணிடம் காட்டியிருந்தாலும், இது காற்றுப் புகாமல் அழுகிவிடும் என்று சொல்லியிருப்பாள்.

காகித நெல்லைக் கணக்கிட்டுக் கொள்முதல் செய்தார்கள். காகிதத்தில் இருந்தது களத்தில் இல்லை. விவசாயி சாப்பிட வைத்திருந்த தானியம் போயிற்று. பஞ்சம் வந்தது, கோடிக்கணக்கான உயிர்கள் மாண்டன. 1959 ஜூலையில், பாதுகாப்பு மந்திரியாயிருந்த பெங் டெஹுவாய், தாம் கிராமங்களில் கண்டதை வைத்து மாவோவுக்குக் கடிதம் எழுதினார். அவர் பதவி பறிக்கப்பட்டது. 'வலதுசாரி' என்று பெயர் சூட்டப்பட்டது. கொள்முதல் தொடர்ந்தது.

ஆண்டர்சன் கதையின் முடிவும் இதுதான். பலர் அதைக் கவனிப்பதில்லை. குழந்தை கூவிய பிறகு ஜனங்கள் எல்லோருமே கூவுகிறார்கள். சக்கரவர்த்திக்கும் அது உண்மை என்று படுகிறது. ஆனாலும் ஊர்வலத்தை நிறுத்தக் கூடாது என்று இன்னும் விறைப்பாக நடக்கிறான். இல்லாத அங்கியின் தலைப்பைச் சேவகர்கள் தூக்கிக் கொண்டு பின்னால் போகிறார்கள்.

லியு ஷாவோசி 1961ல் ஹுனானுக்குப் போனபோது, இந்தக் கஷ்டத்துக்கு மூன்று பங்கு இயற்கை காரணம், ஏழு பங்கு மனிதர் காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள். 1962ல் ஏழாயிரம் ஊழியர்கள் கூடிய மாநாட்டில் அவர் அதை எடுத்துச் சொன்னார். படிப்பு வாசனை அதிகமில்லாத ஜனங்கள் போட்ட கணக்கு அது.

நமது சங்கங்களுக்கு வருவோம். வேலை நிறுத்தத்துக்கு எல்லா டிபார்ட்மெண்டும் தயாரா என்று கமிட்டி கேட்கிறது. எங்கள் பகுதியில் பாதிப் பேர் கடனில் முழுகியிருக்கிறார்கள், ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டார்கள் என்கிறார் ஒரு தோழர். 'நம்பிக்கையில்லாதவன்', 'முதலாளி ஆள்' என்று நாலு பேர் பாய்ந்தால், அடுத்த முறை அவரும் 'தயார்' என்பார். அன்று காலை கேட்டுக்கு வெளியே நிற்பவர்கள் முப்பது பேர். சார்ஜ் ஷீட்டும் சஸ்பென்ஷனும் அந்த முப்பது பேருக்கு. 'தயார்' என்று எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டுக்கு அல்ல. அறுப்புக் கூலிப் போராட்டத்திலும் இதே கதைதான். பக்கத்து ஊர் ஆட்கள் வயலில் இறங்குவார்களா என்பது களத்துமேட்டில் நிற்கும் பெண்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்காமல் முடிவெடுத்தால் யாருடைய அடுப்பு அணையும்?

முடிவெடுத்த பின் எல்லோரும் ஒரே கையாக நிற்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. நாம் பேசுவது முடிவுக்கு முந்திய அரைமணி நேரத்தைப் பற்றி. அந்த அரைமணியில் செயலாளர் தமது அபிப்பிராயத்தைக் கடைசியாகச் சொல்லட்டும். ஆயிரம் பேர் வந்தார்கள் என்று ரிப்போர்ட் வந்தால், எண்ணியது யார் என்று கேட்கட்டும். 'தயாரில்லை' என்று சொன்ன தோழரின் பெயரும் அவர் காட்டிய காரணமும் மினிட் புத்தகத்தில் ஏறட்டும். போராட்டம் முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டிய வேலை இருக்கும்.