தடவிப் பார்த்து வாங்கும் அட்டை

எங்கள் அச்சகத்துக்குப் பெட்டி ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் முதலில் செய்வது ஒன்றுதான். மேசையில் கிடக்கும் மாதிரி அட்டையை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். ஒரு மூலையை மடக்கி விட்டுப் பார்ப்பார்கள். பிறகு கேட்பார்கள்: "இது எத்தனை ஜி.எஸ்.எம். சார்? இன்னும் கொஞ்சம் கனமாப் போட்டுருங்க."

அட்டை கனமாக இருந்தால் பெட்டி பலமாக இருக்கும் என்ற நம்பிக்கை மளிகைப் பொருள் அடைத்து விற்பவரிடம் இருக்கிறது, சித்த மருந்து தயாரிப்பவரிடம் இருக்கிறது, ஏற்றுமதியாளரிடமும் இருக்கிறது. வருத்தம் என்னவென்றால், அச்சகத்தில் இருப்பவர்களில் பாதிப்பேரும் அதையே நம்புகிறார்கள். நம்பாத மீதிப் பேர் வாய் திறப்பதில்லை. கனமான அட்டை என்றால் பில் தொகையும் கூடும் அல்லவா. இந்த நம்பிக்கை தவறு. காசையும் அட்டையையும் தின்று, பொருளையும் உடைக்கிற தவறு.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நெய் காய்ச்சி அரை லிட்டர் கண்ணாடி பாட்டிலில் அடைத்து விற்கும் ஒருவர். முதலில் வேறோர் இடத்தில் 300 ஜி.எஸ்.எம். அட்டையில் பெட்டி போட்டிருந்தார். கடைக்காரர் பெட்டியின் மேல்பகுதியைப் பிடித்துத் தூக்கும்போது அடி திறந்து பாட்டில் கீழே விழுந்து உடைந்தது. அடுத்த முறை 350 கேட்டார். அதற்கும் அடி திறந்தது. எங்களிடம் வரும்போது 400 வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார். அதே வடிவம், அதே அளவு, அட்டை மட்டும் கூடுதல் கனம். நாங்களும் அடித்துக் கொடுத்தோம். நானும் அன்று தடுக்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. இரண்டே வாரத்தில் அவர் திரும்பி வந்தார், கையில் வாய் பிளந்த பெட்டியோடு.

அந்தப் பெட்டிக்கு மேலும் கீழும் சாதாரண டக். அதாவது, பக்கவாட்டில் இரண்டு சிறு காதுகளை மடக்கி, அவற்றின் மேல் மூடியை மடித்து, அதன் நுனியில் உள்ள நாக்கை உள்ளே செருகி விடுவது. பற்பசை, சோப்பு, களிம்பு டியூப் எல்லாம் வருவது இந்த வகையில்தான். எடை குறைந்த பொருளுக்கு இது மிக நல்ல வடிவம். ஆனால் நாக்கைப் பிடித்து வைத்திருப்பது வெறும் உராய்வு மட்டுமே. அதன் மேல் முக்கால் கிலோவுக்கு மேல் கண்ணாடியும் நெய்யும் உட்கார்ந்தால், எடை முழுவதும் அந்த நாக்கை வெளியே தள்ளுகிற வேலையைத்தான் செய்யும். அட்டையைக் கனமாக்கினால் நிலைமை மோசமாகும். மடித்த அட்டை நிமிர்ந்து பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். கனமான அட்டை இன்னும் வேகமாக நிமிரும். 400 ஜி.எஸ்.எம். அட்டையின் நாக்கு, எடையே இல்லாமலும் மெல்ல வெளியே வரும். மனிதர் காசு கொடுத்து வாங்கிய கனம் அவர் பாட்டிலையே கீழே தள்ளியது.

அவருக்குத் தேவைப்பட்டது லாக் பாட்டம். நான்கு மடல்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக மடித்து, கடைசி மடலை நடுவில் உள்ள பிளவில் செருகிப் பூட்டும் அடிப்பகுதி அது. உள்ளே எடை ஏற ஏற, மடல்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். அதே நெய் பாட்டில், அதே 300 ஜி.எஸ்.எம்., லாக் பாட்டத்தில் நின்றது. எண்ணிக்கை பெருகியதும் ஆட்டோ லாக்குக்கு மாறினோம். ஒட்டும் இயந்திரத்திலேயே அடிமடல்கள் இரண்டு இடத்தில் ஒட்டப்பட்டுத் தட்டையாக வரும். இரு பக்கமும் அழுத்தினால் அடி தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும். அட்டையும் பசையும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். ஆனால் நாள் முழுக்கப் பெட்டி மடிக்கும் பெண்களின் விரல்களுக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வு என்பதை மடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மேல்மூடிக்கும் இதே கதைதான். மூடி திறந்துகொள்கிறது என்று அட்டையைக் கூட்டச் சொல்பவர்களுக்கு நான் ஒரு விஷயத்தைக் காட்டுவேன். நாக்கு மடியும் கோட்டின் இரு முனையிலும் சின்னதாக ஒரு கீறல் போட்டுவிட்டால், பக்கக் காதுகளின் தோள் அந்தக் கீறலுக்குள் மாட்டிக்கொள்ளும். மூடும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு தலைகீழாகக் குலுக்கினாலும் லேசில் திறக்காது. இதற்குப் பெட்டியை வெட்டி மடிப்புக்கோடு போடும் டையில் இரண்டு சிறு கத்தித் துண்டுகள் போதும். அட்டையில் ஒரு கிராம்கூடக் கூடாது.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் அட்டை எத்தனை கிராம் எடை இருக்கிறது என்ற கணக்கு. அவ்வளவுதான். அது எடை, தடிமன்கூட இல்லை. அட்டை வளையாமல் நிற்கும் விறைப்பு தடிமனைப் பொறுத்தது. ஒரே வகை அட்டையில் தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு ஏறத்தாழ எட்டு மடங்கு கூடும். அப்படியானால் கனம் கூடினால் நல்லதுதானே என்று கேட்பார்கள். இல்லை, ஏனென்றால் ஒரே எடையில் இரண்டு அட்டைகள் வேறு வேறு தடிமனில் இருக்கும். பழைய காகிதத்தை அரைத்துச் செய்யும் கிரே பேக் டூப்ளெக்ஸ் அட்டை நெருங்கிப் படிந்து, எடைக்கேற்ற தடிமன் இல்லாமல் இருக்கும். எஃப்.பி.பி. என்று விற்கும் அட்டையில் மரத்தை இயந்திரத்தில் அரைத்த உப்பலான கூழ் நடுவிலும், ரசாயனக் கூழின் உறுதியான அடுக்கு மேலும் கீழும் இருக்கும். கட்டடத்துக்குப் போடும் இரும்பு கர்டரை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் இரும்பு, நடுவில் மெல்லிய தகடு. அதே வித்தைதான் இது. அதனால் குறைந்த ஜி.எஸ்.எம். எஃப்.பி.பி., கூடுதல் ஜி.எஸ்.எம். கிரே பேக்கைவிட விறைப்பாக நிற்கும். பல அடுக்கு அட்டைக்காக நாம் எங்கோ போகவும் வேண்டாம். மணப்பாறை பக்கம் மொண்டிப்பட்டியில் தமிழ்நாடு அரசின் காகித நிறுவனமான டி.என்.பி.எல். 2016-இல் தொடங்கிய ஆலைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் அட்டை தயாரிக்கும் திறன் இருக்கிறது.

இதைவிட எனக்குக் கோபம் வருவது கிரெய்ன், அதாவது நார் ஓடும் திசை விஷயத்தில். காகிதம் இயந்திரத்தில் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படுக்கின்றன. செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் நேராகக் கிழியும், மறுதிசையில் கோணல்மாணலாகக் கிழியும். காரணம் இதுதான். அட்டையின் விறைப்பும் அப்படியே. நார் ஓடும் திசையில் மற்றத் திசையைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருக்கும். நிற்கும் பெட்டியில் நார் சுற்றிவர, செங்குத்தான மடிப்புகளைக் குறுக்கே கடந்து ஓட வேண்டும். அப்போதுதான் பக்கங்கள் வயிறு தள்ளாமல் நிற்கும். ஆனால் ஷீட்டில் பெட்டியைத் திருப்பிப் போட்டால் கூடுதலாக ஒன்றோ இரண்டோ அடங்கும் என்று சில இடங்களில் திருப்பிப் போட்டுவிடுவார்கள். பெட்டி தொப்பை போடும். வாடிக்கையாளர் வந்து புகார் சொல்வார். "அடுத்த தடவை 50 ஜி.எஸ்.எம். கூட்டிக்கலாம்" என்று பதில் வரும். திசையில் செய்த பிழைக்கு எடையால் அபராதம் கட்டுவது வாடிக்கையாளர்.

மடிக்கும் பெட்டி பிறந்த கதையிலும் அட்டையின் கனம் எங்கும் வரவில்லை. 1879-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் கெய்ர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காகிதப் பை அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தார். விதைப் பைகள் ஓடிக்கொண்டிருந்தபோது, மடிப்புக்கோடு போட வேண்டிய உலோகப் பட்டை உயரம் கூடி, பைகளை வெட்டிவிட்டது. பைகள் வீணாயின. அவருக்கோ வேறு ஒன்று புரிந்தது. உயரமான பட்டை வெட்டும், கொஞ்சம் தாழ்ந்த பட்டை மடிப்புக்கோடு போடும். இரண்டையும் ஒரே சட்டத்தில் பொருத்தினால் ஒரே அழுத்தில் பெட்டி முழுவதும் தயார். இன்று சிவகாசியில் ஓடும் பஞ்சிங் மெஷினிலும் அதே கணக்குதான். கத்தி 23.8 மில்லிமீட்டர் உயரம். மடிப்புக்கோடு போடும் க்ரீசிங் பட்டை அதைவிட அட்டையின் தடிமன் அளவுக்குத் தாழ்வு. அந்த அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் பெட்டியின் உயிர் இருக்கிறது.

ஆனால் அட்டையை மாற்றுகிறவர்கள் க்ரீசை மாற்றுவதில்லை. பட்டை இறங்கும் கீழ்க்குழியின் அகலம், அட்டைத் தடிமனின் ஒன்றரை மடங்கோடு பட்டையின் தடிமனைக் கூட்டியது என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 0.4 மில்லிமீட்டர் அட்டைக்கும் 0.71 மில்லிமீட்டர் பட்டைக்கும் 1.3 மில்லிமீட்டர் குழி. அட்டை 0.5 ஆனால் குழி ஏறத்தாழ 1.5 ஆக வேண்டும். பழைய டையிலேயே, பழைய குழியிலேயே கனமான அட்டையை அடித்தால் மடிப்பு வெடிக்கும்; அச்சிட்ட வண்ணம் பிளந்து வெள்ளைக் கோடு தெரியும். நல்ல க்ரீசில் அட்டையின் உள் அடுக்குகள் பிரிந்து, பின்புறம் ஒரு சின்ன வரப்பு எழும்பி நிற்கும். மடிக்கும்போது அது உள்ளே ஒடுங்கிக்கொள்ளும். விரலால் தடவிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்த வரப்பைத் தடவிப் பாருங்கள் என்பேன்.

மூடுதல் என்பது உயிர்ப் பிரச்சினையாகவும் ஆனதுண்டு. 1982-இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் டைலெனால் என்ற மருந்தின் புட்டிகளை யாரோ திறந்து, கேப்ஸ்யூல்களில் சயனைடு கலந்து கடையில் திரும்ப வைத்துவிட்டார்கள். 7 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அந்த மருந்து மறுபடி கடைக்கு வந்தபோது என்ன மாறியிருந்தது? பெட்டியின் மடல்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். புட்டியின் கழுத்தில் பிளாஸ்டிக் பட்டை. வாயில் ஃபாயில் உறை. பாதுகாப்பு வந்தது ஒட்டிய மடலாலும் உறையாலும். கிழிக்காமல் திறக்க முடியாத பெட்டி, திறந்தால் காட்டிக்கொடுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்துச் சீட்டுக்கு விற்கும் பெரும்பாலான மருந்துப் பெட்டிகளுக்கு 2019 பிப்ரவரி முதல் இப்படிக் காட்டிக்கொடுக்கும் மூடல் கட்டாயம். நாக்கைச் செருகிய பெட்டியில் குழந்தைகளுக்கான மருந்தை வைத்துக்கொண்டு, "நல்ல கனமான அட்டை" என்று பெருமைப்படுகிறவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தீபாவளி நேரத்தில் இனிப்புக் கடைகளைப் பாருங்கள். நான்கு மூலையிலும் செருகிப் பூட்டும் பெட்டிதான் அங்கே வழக்கம். தரமாக இருக்கட்டும் என்று கனத்த அட்டையில் அடித்து வாங்குகிறார்கள். மூலைப் பூட்டு அட்டையின் விறைப்பில் நிற்காமல் துள்ளி வெளியே வருகிறது. கூட்டம் காத்திருக்கிறது, பெட்டி மடிக்கும் பையனுக்கு நேரமில்லை. ஸ்டேப்ளரை எடுத்து மூலைக்கு ஒரு பின் அடித்துவிடுகிறான். குழந்தைகள் கைவிட்டு மைசூர்பாகு எடுக்கும் பெட்டியில் இரும்புப் பின். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. பூட்டின் பிளவை அட்டைக்கு ஏற்ப அகலப்படுத்தி, நாக்கில் ஒரு பிடிப்பு வைத்து டை செய்திருந்தால் பின் எதற்கு?

கனத்துக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மிக மெல்லிய அட்டையில் பெரிய பக்கங்கள் தொய்யும். நகைக்கும் கைபேசிக்கும் வரும் மடியாத ரிஜிட் பெட்டிகளின் கணக்கு வேறு. லாரியில் அடுக்கும்போது நசுங்குகிறது என்பவர்கள், அந்தச் சுமையை வெளியே உள்ள நெளி அட்டை மாஸ்டர் கார்ட்டன் தாங்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வெளிப்பெட்டியில் மிச்சம் பிடித்துவிட்டு உள்பெட்டியைக் கனமாக்குவது தலைகீழான சிக்கனம்.

வீணாவதைக் கணக்குப் போடலாம். 23-க்கு 36 அங்குல ஷீட் ஒன்று 350 ஜி.எஸ்.எம்.மில் 187 கிராம். 300-இல் 160 கிராம். ஒரு லட்சம் ஷீட்டுக்கு 2,670 கிலோ வித்தியாசம். இரண்டரை டன்னுக்கு மேல் அட்டை, பயந்து வாங்கியதற்காக மட்டும். அந்த அட்டைக்கு மரமும் தண்ணீரும் மின்சாரமும் செலவாகியிருக்கின்றன. பெட்டி பொருளைக் காப்பாற்றவும் இல்லை.

பலம் கனத்தில் இல்லை என்பது சிவகாசிக்காரர்களுக்குத் தீப்பெட்டியை நினைத்தாலே விளங்க வேண்டும். 1923-இல் இங்கே தீப்பெட்டித் தொழில் தொடங்கியதிலிருந்து நம் கையில் இருக்கும் பெட்டி அது. உள்ளே எத்தனை குச்சியோ, அத்தனை முறையாவது திறந்து மூட வேண்டும். சட்டைப் பையிலும் இடுப்பு மடிப்பிலும் கிடந்து நசுங்க வேண்டும். மெல்லிய அட்டையில் உறையும் இழுப்பும், நடுவே அளவான உராய்வு. கடைசிக் குச்சிவரை அது தானாகத் திறந்துகொள்வதில்லை.

எங்கள் தொழிலில் விலை கேட்டு வரும் தாளில் அளவு, ஜி.எஸ்.எம்., கலர், லேமினேஷன், எண்ணிக்கை என்று கட்டங்கள் இருக்கும். அடி எப்படி மூட வேண்டும், உள்ளே எத்தனை கிராம் உட்காரும், நார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று எழுத இடம் இருக்காது. இப்போதெல்லாம் அந்த மூன்று கேள்விகளையும் நானே பேனாவால் கீழே எழுதி, பதில் வந்த பிறகுதான் விலை சொல்கிறேன். கேட்டால் சிலர் எரிச்சல்படுகிறார்கள். வேறு இடம் போய்விட்டவர்களும் உண்டு.

நெய்க்காரர் போகவில்லை. அடுத்த ஆர்டருக்கு வந்தபோது மேசையில் கிடந்த அட்டையை அவர் தொடவே இல்லை. பையிலிருந்து நெய் நிரம்பிய பாட்டில் ஒன்றை எடுத்து வைத்து, "இதுக்கு வெள்ளை அட்டையில ஒரு டம்மி மடிச்சுக் குடுங்க தம்பி, தூக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.