சீர் வேறு, பங்கு வேறு

பொங்கலுக்கு மறுநாள் காலையில் எங்கள் வீட்டுப் பெண்கள் எழுந்தவுடன் குளித்துவிட மாட்டார்கள். முதலில் காக்கைக்கும் குருவிக்கும் கணுப்பிடி வைக்க வேண்டும். குளியல் அதன் பிறகுதான். தை 2ஆம் நாள். தெருவில் மாட்டுக்குக் கொம்பு சீவி வண்ணம் பூசிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் உடன்பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று இலையும் சோறுமாகக் காவிரிப் படித்துறைக்குப் போவோம். திருவையாற்றில் வளர்ந்த எனக்குத் தை மாதம் என்றால் அந்தக் காலைதான் நினைவுக்கு வரும். மேட்டூர் அணையை ஜனவரி 28இல்தான் மூடுவது வழக்கம் என்பதால் கணுவுக்கு ஆற்றில் தண்ணீர் இருக்கும்.

முந்தின நாள் பொங்கலிலும் சோற்றிலும் கொஞ்சம் எடுத்து வைத்திருப்பாள் பாட்டி. ஒரு பங்கைத் தயிர் விட்டுப் பிசைவாள். ஒரு பங்கில் மஞ்சள்தூள். அந்த மஞ்சள் சோற்றிலேயே பாதியை எடுத்து நகக்கண் அளவு சுண்ணாம்பைக் குழைத்துச் சேர்த்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பாகிவிடும். அந்த நிறம் திரும்புகிற கணத்தைப் பார்ப்பதற்காகவே நானும் தங்கையும் விடியுமுன் எழுந்து அடுக்களையில் உட்கார்ந்திருப்போம். பானையில் கட்டியிருந்த மஞ்சள் கொத்திலிருந்து இலைகளைக் கிள்ளி, கழுவி, படிக்கட்டில் விரிப்போம். கசங்கிய மஞ்சள் இலைக்கு ஒரு வாசனை உண்டே, அது கையைவிட்டு மத்தியானம் வரை போகாது. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, சர்க்கரைப் பொங்கல் என்று வரிசையாகப் பிடிகள். ஒவ்வொரு வரிசையிலும் ஒற்றைப்படை. பக்கத்தில் கரும்புத் துண்டு, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. கணுப் பாட்டைச் சொல்லிவிட்டு ஆற்றில் முங்கி எழுந்து வருவோம். பாட்டி பச்சை மஞ்சளை நெற்றியில் கீறி வாழ்த்துவாள். மத்தியானம் எலுமிச்சை, தேங்காய், புளி, தயிர் என்று கலந்த சாதங்கள், பொரித்த வடாமோடு.

பையன்களுக்கு இதில் ஒரு வேலையும் கிடையாது. ஒரு வருஷம் தம்பி தானும் பிடி வைக்க வேண்டும் என்று படித்துறையில் நின்று அழுதான். "உனக்காகத்தான்டா வைக்கிறோம், நீ வைக்கக் கூடாது" என்றாள் பாட்டி. அவன் விடவில்லை. அரை மனதோடு ஒரு சிவப்புப் பிடியை அவன் கையில் வைத்து, "அக்காக்களுக்குன்னு சொல்லி வை" என்றாள். வைத்தான். அதையும் காக்கை கொத்தியது.

கணுவுக்கு இன்னொரு பாதி உண்டு. கல்யாணமாகிப் போன சகோதரிக்குப் பிறந்த வீட்டிலிருந்து கணுச்சீர் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் பணமாக அனுப்புவார்கள். சில வீடுகளில் அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்புக் கட்டு, புதுப் பாத்திரம் எல்லாம் சுமந்துகொண்டு அண்ணன் தம்பியே பஸ் ஏறிப் போவார்கள். திண்டிவனத்தில் இருந்த அத்தைக்கு அப்பா மார்கழி கடைசியில் மணியார்டர் அனுப்புவார். அந்தப் படிவத்தின் அடியில் செய்தி எழுத ஒரு சிறிய இடம் இருக்கும். அதற்குள் பொடி எழுத்தில் வீட்டுச் செய்தி முழுவதையும் எழுதிவிடுவார்: யாருக்குக் காய்ச்சல், எந்தப் பசு கன்று போட்டது, அறுவடை எப்போது.

அந்தப் பணத்துக்கு என்ன மதிப்பு என்று பெரியவளான பிறகு அத்தையிடம் கேட்டேன். "தபால்காரர் வாசலில் நின்று என் பேரைச் சத்தமாகக் கூப்பிடுவார். மாமியார் காதில் விழும். எனக்கும் கேட்க ஆள் இருக்குன்னு அந்த வீட்டுக்குத் தெரியும்" என்றார். சீர் என்ற வழக்கத்துக்கு இதைவிட நல்ல நியாயத்தை நான் எங்கும் கேட்டதில்லை. அதனால்தான் சீரெல்லாம் பழம் பஞ்சாங்கம் என்று யாராவது தள்ளினால் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

ஆனால் அதே அத்தையிடம் நிலத்துக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியபோது உறவினர்கள் சொன்னதும் சீரைப் பற்றித்தான். "உனக்கென்ன குறை, வருஷா வருஷம் கணுவுக்கு வந்துகிட்டுதானே இருக்கு!" தாத்தா உயில் எழுதாமல் போனவர். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அத்தைக்கு அதில் ஒரு பங்கு இருந்தது. பங்கு இருந்ததால்தான் கையெழுத்தே தேவைப்பட்டது. என் அப்பா தங்கைமேல் உயிரையே வைத்திருந்தவர். அவருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. அந்த நிலத்தில் ஒரு குழிகூட இல்லாமலே அத்தை காலமானார்.

பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 60 ஆண்டு கழித்து, 1989இல், கருணாநிதி ஆட்சியில் தமிழ்நாடு அதைச் சட்டமாக்கி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தையும் 2020 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: தேவையில்லை, உரிமை பிறப்பிலேயே வருகிறது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவாகி முடிந்த பாகப்பிரிவினைகளைச் சட்டம் தொடவில்லை.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் பெண்கள் கேட்பதில்லை. கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற பயம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய் உட்கார ஒரு திண்ணை வேண்டுமே என்று பங்கை விட்டுக்கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்கவிடாமல் செய்கிறவர்களைச் சொல்வேன். சீரைக் காட்டிப் பங்கை மறைப்பது கணுவுக்குச் செய்கிற அவமரியாதை. உடன்பிறந்தவனின் ஆயுளுக்காகக் குளிரில் படித்துறையில் நின்றவளிடம் கணக்கு முடிந்தது என்று சொல்வதற்கா அந்த நாள்?

அப்பா காலமான பிறகு வீட்டையும் மிச்ச நிலத்தையும் மூன்று பேருக்கும் சமமாகப் பிரித்துப் பதிவு செய்யலாம் என்று முதலில் சொன்னவன் தம்பிதான். ஊரில் சிலர் முகம் சுளித்தார்கள். எங்களுக்குள் ஒரு வாசலும் அடைபடவில்லை. இப்போதும் கணு அன்று காலையில் போனில் பணம் அனுப்புகிறான். நானும் மொட்டை மாடியில் மஞ்சள் இலை விரித்துப் பிடி வைக்கிறேன். தன் வீட்டு மாடியில் மகளோடு சேர்ந்து அவனும் வைக்கிறான்.

வரும் தைக்குச் சீர் அனுப்பப்போகும் அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். அதற்கு முன் குடும்பச் சொத்தின் பட்டாவை எடுத்து, அதில் உங்கள் சகோதரியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவள் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருக்காமல் சேருங்கள். சகோதரிகளே, எவ்வளவு பாசமாக நீட்டினாலும் விடுதலைப் பத்திரத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்கவும் வேண்டாம்: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்ட உதவி இலவசம்.