நான் சொல்லாமல் விட்ட வசனம்

கனநாளா இந்தப் பக்கம் தூசி பிடிச்சுக் கிடக்குது. குசினி வேலை முடிஞ்சு வீட்டை வரேக்க இரவு பன்னிரண்டு தாண்டியிடும், பிறகு எங்க எழுதிறது. ஆனா இதை எழுதாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது போலை கிடக்கு. அண்ணையிட்டைக் கேட்டுத்தான் எழுதுறன்.

எங்கட றெஸ்ரோறன்ரில கோப்பை கழுவுற அண்ணை அவர். போன வருசம் இடது நுரையீரலின்ர கீழ்ப்பக்கத்தில கட்டி, வெட்டி எடுக்கவேணும் எண்டுட்டினம். அண்ணையின்ர பிரெஞ்சு 'போன்ஜூர்'இல தொடங்கி 'மெர்சி'யில முடிஞ்சிடும். ஆஸ்பத்திரிக்கு வழமையா மகளைத்தான் கூட்டிக்கொண்டு போறவர். பன்னிரண்டு வயசு. அப்பாவுக்குப் புற்றுநோய் எண்டதை அந்தப் பிள்ளையின்ர வாயாலயே சொல்ல வைக்கிறது என்ன நியாயம்? "நான் வாறன் அண்ணை" எண்டன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில உயிரியல் இரண்டு வருசம் படிச்சனான், 2006 ஓகஸ்ற்றில ஏ9 பாதை பூட்டினதோட அந்தப் படிப்பும் போச்சுது. அந்த அரைகுறைப் படிப்பில எனக்கொரு கொழுப்பு இருந்தது.

பிரான்சில திட்டமிட்ட ஒப்பரேசன் எண்டால், பல நாளுக்கு முதலே மயக்கமருந்து டொக்டரைச் சந்திக்கவேணும். 1994ஆம் ஆண்டு வந்த அரசாணை. எங்கட சனம் இதை ஒரு சடங்கு மாதிரித்தான் நினைக்குது. வெட்டுறவர்தான் டொக்டர், மற்றவர் ஊசி போடுறவர்.

அந்த டொக்டரம்மா பேப்பரில கீறிக் காட்டினா. மூச்சுக்குழல் கீழ இறங்கி வலதும் இடதுமாப் பிரியுது. இடதை வெட்டேக்க அது ஊதிச் சுருங்கிக்கொண்டிருந்தால் கத்தி வைக்கேலாது. அதைக் காத்தில்லாமல் ஒடுங்க வைச்சு, வலது நுரையீரலால மட்டும் மூச்சு விடவைக்கவேணும். காத்து வராத பக்கத்து ரத்தக்குழாய்கள் தாங்களாவே ஒடுங்கி ரத்தத்தை மற்றப் பக்கம் தள்ளிவிடுமாம். ஆக்கள் இல்லாத மேசைக்கு வெயிற்றரை அனுப்பாத முதலாளி மாதிரி. எண்டாலும் ஒக்சிசன் இறங்கலாம், கண் வைச்சுக்கொண்டே இருக்கவேணும்.

வழமையா இதுக்கு இரட்டைக்குழல் ரியூப். 1949இல சுவீடன்காரர் கார்லன்ஸ் கொண்டுவந்தது. ஒரு ரியூப்புக்குள்ள இரண்டு பாதை. ஆனா மொத்தமானது, வாயாலதான் போகும்.

"வாயைத் திறவுங்கோ" எண்டா. அண்ணையால இரண்டு விரல் நுழையிற அளவுக்குக்கூடத் திறக்கேலாமல் கிடந்தது. வருசக்கணக்கா லாச்சப்பலில வாங்கிச் சப்பின பாக்கு. அது கன்னத்து உள்தோலை நார் மாதிரி இறுக்கிப்போடும். உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆய்வு நிறுவனம், பாக்கு புற்றுநோயை வருவிக்கும் எண்டு 2004இல வெளியிட்ட புத்தகத்தில சொல்லியிட்டுது. புகையிலை சேராத வெறும் பாக்கும்தான். நாங்கள் கலியாண வீட்டில இன்னும் தட்டில வைச்சு நீட்டுறம்.

அண்ணைக்குச் சரிவாறது புறொங்கியல் புளொக்கர் எண்டா. மெல்லிய குழல், நுனியில சின்னப் பலூன். சாதாரண ஒற்றை ரியூப்பை மூக்கால விட்டு, அதுக்குள்ளால புளொக்கரைக் கமராவில பார்த்துப் பார்த்து இறக்கி, இடது கிளையின்ர வாசலில பலூனை ஊதி அடைக்கிறது. குறையும் இருக்கு. நுரையீரல் ஒடுங்க நேரம் எடுக்கும், துளை ஒடுக்கம் எண்டபடியால் சளியை உறிஞ்சி எடுக்கிறது கஷ்டம், ஆளைப் பக்கவாட்டில திருப்பேக்க பலூன் நழுவலாம். நழுவி நடு மூச்சுக்குழலுக்கு வந்தால் இரண்டு பக்கமும் அடைபடும். அதால திருப்பின பிறகும் கமராவை விட்டுப் பார்ப்பினம்.

இதெல்லாம் நான் நல்லாத்தான் மொழிபெயர்த்தன். பிறகு அவ ஒண்டு சொன்னா: ரியூப் போடேக்க இவர் முழிச்சிருக்கவேணும். வாய் திறக்காத ஆளை நித்திரையாக்கி, ரியூப்பும் போகாமல் மூச்சும் நிண்டால் உயிர் போயிடும். தொண்டையை விறைக்கப்பண்ணிப்போட்டு, அவரே மூச்சு விட்டுக்கொண்டிருக்கத்தான் விடுவம். அண்ணையின்ர முகத்தைப் பார்த்தன். ஏற்கனவே வெளிறிப்போய் இருந்தது. "நித்திரையாக்கிப்போட்டுத்தான் எல்லாம் செய்வினம், பயமில்லை" எண்டு சொன்னன்.

ஒப்பரேசன் அண்டைக்கு, முழிச்ச கண்ணுக்கு முன்னால மூக்குக்குக் குழாய் வரேக்க அண்ணை கையால தட்டிவிட்டிட்டார். கட்டிலால இறங்கப் பார்த்தவராம். அவையள் நிப்பாட்டிப்போட்டு, ரெலிபோனில ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடிச்சிருக்கினம். ஆரோ ஒரு பிள்ளை, எல்லாத்தையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கு. கேட்ட பிறகு அண்ணை தலையாட்டினவர். ரியூப் போச்சு, பலூன் ஊதிச்சு, கட்டியும் வந்தது.

அந்த ரெலிபோன் ஆளை முதல் நாளே பிடிக்கட்டோ எண்டு டொக்டரம்மா என்னைக் கேட்டவ. "தேவையில்லை, நான் இருக்கிறன்" எண்டது நான்தான்.

அதால சொல்லுறன். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. என்னை மாதிரி அரைகுறையளையும் நம்பாதேங்கோ. பாசம் உள்ளவன் பொய் சொல்லுவான். தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைத்தான் பிடிக்கவேணும் எண்டு இந்த நாட்டுச் சுகாதார உயர் அதிகாரசபையே 2017இல எழுதி வைச்சிருக்கு. கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ. ரியூப்பை எப்பிடிப் போடப்போறியள், நான் முழிப்போ நித்திரையோ எண்டு கேளுங்கோ. பாக்கு, சிகரெட், ஆடுற பல்லு எல்லாத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கோ.

அண்ணை இப்ப அரை நாள் வேலைக்கு வாறார். "தம்பி, ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?" எண்டு ஒருக்கால்தான் கேட்டவர். நான் சட்டியை உரஞ்சிக்கொண்டு நிண்டன். அடுத்த மாசம் அவருக்கு ஸ்கான் இருக்கு. வரட்டோ எண்டு கேட்டன்.

"வா, ஆனா வெளியில கதிரையில இரு" எண்டார்.