ஒட்டுப் போடுதல் இழிவோ?

நம்மவரிடையே ஒரு விந்தையான கௌரவம் தலையெடுத்திருக்கின்றது. சைக்கிள் டியூபில் ஓர் ஊசித் துளை விழுந்ததும் அதனைக் கழற்றிக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியது மாட்டிக்கொள்பவர் நாகரிகர். ஒட்டுப் போட்டு ஓட்டுபவர் கஞ்சர், கதியற்றவர்! இக்கௌரவத்தை யாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம்.

“ஒட்டு நிற்காது” என்பது இவர்களது முதல் வாதம். நிற்காத ஒட்டும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அஃது ஏன் நிற்கவில்லையென்று இவர்கள் ஆராய்ந்ததுண்டா? துளையைச் சூழ்ந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து மேற்பளபளப்பை அகற்றல் வேண்டும். பசையைத் தடவியபின் அதன் ஈரம் உலரும்வரை சில நிமிடங்களேனும் பொறுத்தல் வேண்டும். அப்பசை காகிதம் ஒட்டும் கோந்தன்று. ரப்பரோடு ரப்பரை இரசாயன முறையிற் பிணைப்பது. ஈரத்தின்மேல் ஒட்டை அமுக்கிவிட்டு, மறுநாள் காற்று இறங்கியதும் ஒட்டின்மீது பழி சுமத்துவது, அரை வேக்காட்டுச் சோற்றை இறக்கி வைத்துவிட்டு அரிசியைக் குறை கூறுவதை ஒக்கும்.

இன்னொன்றும் கேளுங்கள். டியூபைத் துளைத்த முள்ளோ கம்பித் துண்டோ பல வேளைகளில் டயரிலேயே ஒளிந்திருக்கும். ஒட்டுப் போடுபவன் டியூபைத் தண்ணீரில் அமிழ்த்துகின்றான். குமிழி எழும் இடத்தைக் காண்கின்றான். அதற்கு நேராக டயரின் உட்புறத்தைத் துழாவி முள்ளைப் பிடுங்குகின்றான். துளையைத் தேடாது மாற்றுபவனோ முள்ளையும் காணான். அவனது புது டியூப் ஒரு மைல் செல்லுமுன் மூச்சை விட்டால் யாரை நோவது?

வால்வின் அடியிற் கிழிந்ததையும், நீளக் கிழிந்ததையும், பழமையால் வெடிப்பு விட்டதையும் ஒட்ட முயல்வது வீண், அவற்றை மாற்றுக. வேலைக்கு விரைபவன் வழியில் மாற்று டியூபை மாட்டிக்கொண்டு, மாலையில் பழையதை ஒட்டி வைப்பதும் அறிவுடைமையே.

“ஒட்டுக்கூலியினும் புது டியூப் மலிவு” என்பர் சிலர். அது கடைக்காரர் கணக்கு, அவருக்குச் சரி. நமக்குக் கைகள் இல்லையா?

நம் முன்னோர் பால்மரம் வெட்டிய நாடாதலின் ரப்பரை வீசுதல் பாவமென்று உருகுவாரும் உளர். அவ்வுருக்கத்தை யாம் துணைக்கழையோம். இன்றைய சைக்கிள் டியூப்களிற் பெரும்பாலானவை மரத்துப் பாலால் ஆனவையல்ல. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கண்டறியப்பட்ட பூட்டைல் என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை; பெட்ரோலியத்திற் பிறந்தவை. இயற்கை ரப்பரினும் நெடுநேரம் காற்றைத் தாங்கும்; மண்ணிலோ எளிதில் மக்காது. வீசாமைக்கு இக்காரணமே போதும்.

உண்மைக் காரணம் வேறு. அழுக்குப் படிந்த கையைக் கண்டு முகஞ்சுளிக்கும் அப்பழைய நோய், கப்பலேறிக் கடல் கடந்தும் நம்மை விட்டபாடில்லை. செருப்புத் தைத்தவனையும் துணி வெளுத்தவனையும் எட்டி நிற்கச் சொன்ன அதே நாக்குத்தான் இன்று “பஞ்சர் ஒட்டுகிறவன்” என்று இளக்காரம் பேசுகின்றது. சாதி ஒழிக என்று மேடையில் முழங்கும் தோழர்களே, உங்களையுங்கூடக் கேட்கின்றோம்: உங்கள் பிள்ளையின் சைக்கிளை வாசலிற் கவிழ்த்து, அண்டை வீட்டார் காண, வாளித் தண்ணீரோடு குந்தி அமர்ந்து ஒட்டுப் போட்டதுண்டா?