புது பாடி... பழைய இன்ஜின்!

பக்கத்து வீட்டு நண்பருக்கு ஜெனரல் மானேஜர் பிரமோஷன். டிரைவரோடு கம்பெனி கார் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், "வாங்க சார், வண்டலூர் வரைக்கும் ஒரு ரவுண்டு!" என்று என்னையும் சேலையூரிலிருந்து அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஏ.ஸி., பாட்டு, மெத்து மெத்தென்று சீட்... மனுஷர் முகத்தில் தனி தேஜஸ்!

தாம்பரம் தாண்டுவதற்குள் நாலு போன்.

"கொட்டேஷன்ல பைசாவை ரவுண்ட் பண்ணிடலாமா சார்?"

"ஸ்டேஷனரி பில்லுக்கு உங்க கையெழுத்து வேணுமே சார்?"

நண்பர் பெருமையாகச் சிரித்தார். "பார்த்தீங்களா? நான் இல்லாம ஒரு ஃபைல் நகராது!"

"உங்க பழைய செக்‌ஷனை இப்ப யார் பார்த்துக்கறாங்க?"

"நான்தான்!"

"அப்ப ஜி.எம். வேலையை?"

பதில் இல்லை. பெருங்களத்தூர் வந்துவிட்டது.

இந்தப் பக்கம் வந்தாலே எனக்கு ஒரு கார் ஞாபகம் வரும். ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. ஹெரால்டு, கெஸல் எல்லாம் இங்கே பிறந்தவைதான். 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு சொகுசுக் கார் விட்டார்கள். உடம்பு, இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய அழகு! அங்கே அந்த உடம்புக்கு 3.5 லிட்டர் வி-8 இன்ஜின்கூடப் போட்டார்கள். இங்கே? 1940-களில் வந்த வேன்கார்டு காரின் இன்ஜினையே கொஞ்சம் செதுக்கி உள்ளே வைத்தார்கள். 2 லிட்டர், எண்பத்துச் சொச்சம் குதிரை சக்தி. அத்தனை பெரிய உடம்பை அது எப்படி இழுக்கும்? 1988-ல் உற்பத்தியே நின்றது. காரணங்கள் பல. ஆனால், கார் என்றதும் ஜனங்கள் இன்றும் சொல்வது அந்த இன்ஜின் கதையைத்தான்.

பிரமோஷனும் அப்படித்தான். ரூம், கார், விசிட்டிங் கார்டு எல்லாம் புது பாடி. உள்ளே ஓடுவது பழைய சூப்பர்வைசர் இன்ஜின்! நன்றாக வேலை செய்பவனை மேலே மேலே ஏற்றி, கடைசியில் அவனுக்குச் சரிப்படாத நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறார்கள் என்று லாரன்ஸ் பீட்டர் 1969-லேயே புத்தகம் எழுதிச் சிரித்துவிட்டார்.

அப்புறம் இன்னொரு ஆபத்து. மேலே போகப் போக, கெட்ட சேதி மாடிப்படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். "சூப்பர் சார்!" மட்டும் லிஃப்ட்டில் வரும். நண்பரிடம் பயிற்சி எடுத்த மூன்று பேர் ஒரே வருஷத்தில் வேலையை விட்டுப் போனார்களாம். ஏன் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை!

'நாம கிளார்க்குதானே, நமக்கெதுக்கு?' என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். இன்ஜின் ஜி.எம். ரூமில் தயாராவதில்லை, உங்கள் மேஜையில்தான் தயாராகிறது. உங்களுக்குக் கீழே ஒரே ஒரு பையன் இருக்கிறானா? ஒரு வேலையை முழுசாக அவனிடம் கொடுத்துப் பாருங்கள். தப்பு செய்வான். செய்யட்டும். உங்களுக்கும் ஒருத்தர் அப்படி விட்டுக்கொடுத்துத்தானே கற்றுக்கொண்டீர்கள்?

இதையெல்லாம் வண்டலூர் ஜூ வாசலில் டீ குடித்தபடி நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவேயில்லை. மறுபடி போன்.

"நீங்களே முடிவு பண்ணுங்க. தப்பாப் போனா நான் பார்த்துக்கறேன்!" என்று வைத்துவிட்டார். எனக்கே புல்லரித்தது.

கார் திரும்பியது. பெருங்களத்தூர் வருவதற்குள் நண்பர் இரண்டு தரம் நெளிந்தார். போனை எடுத்தார்.

"என்ன முடிவு பண்ணினீங்க?... சரி சரி. எதுக்கும் என்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க!"

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.