வெயில் இலவசம்தான், தண்ணீர்?

“சூரியன் பில் அனுப்புவதில்லை” என்று ஒரு வசனம் உண்டு. மின்கம்பம் எட்டாத ஊருக்குச் சோலார் குடிநீர்ப் பம்பு வைக்கும் மேடைகளில் இதற்குக் கைத்தட்டல் நிச்சயம். ஒருமுறை செலவு செய்தால் போதும், பிறகு காலமெல்லாம் இலவசத் தண்ணீர் என்று கேட்பவர்களும் நம்பிவிடுகிறார்கள். வசனம் உண்மை, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் பொய்.

கணக்கைப் பார்ப்போம். ஜல் ஜீவன் திட்டம் சொல்லும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 180 பேர் இருக்கும் குக்கிராமத்துக்குச் சுமார் 10,000 லிட்டர். அதை 50 மீட்டர் மேலே ஏற்ற, வீணாவதையும் சேர்த்து, மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். நல்ல வெயில் அடித்தால் ஒரு கிலோவாட் பேனலே அதைத் தந்துவிடும். மின்கட்டணம் பூஜ்யம். இதுவரை சண்டையில்லை.

பேனல் 25 ஆண்டு உழைக்கும். அதன் கீழே தொங்கும் சிறிய பெட்டியான கன்ட்ரோலருக்கு அந்த ஆயுள் இல்லை. ஓர் இடி போதும். கேபிளை எலி கடித்தாலும் போதும். போர்வெல்லில் மணல் வந்தால் மோட்டாரே போய்விடும். பெட்டியில் எரிந்த பச்சை விளக்கு அணைந்த அன்று பேனல் மேல் வெயில் கொட்டிக்கொண்டிருக்கும், போர்வெல்லில் தண்ணீரும் இருக்கும், தொட்டி மட்டும் காய்ந்து கிடக்கும். குடத்தோடு பெண்கள் பழைய ஓடைக்கே நடப்பார்கள். பம்பு வாங்கிக் கொடுத்தவரோ அடுத்த ஊர்த் திறப்பு விழாவில் இருப்பார்.

இந்தப் பாடத்தை அடிபம்புகளே கற்றுக்கொடுத்துவிட்டன. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஓர் அடிபம்பு ஓடவில்லை என்று 2009இல் வெளியான தொகுப்புக் கணக்கு காட்டியது. அவற்றுக்கும் மின்கட்டணம் கிடையாது.

கென்யாவின் கிடுயி மாவட்டத்தில் வேறு வழியில் போனார்கள். அடிபம்பின் கைப்பிடிக்குள் சிம் பொருத்திய சிறு கருவி வைத்து, பம்பு நின்றால் உடனே தெரியும்படி செய்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் இழுத்த பழுது மூன்று நாளுக்குள் சரியானது. அதிலிருந்து ஃபண்டிஃபிக்ஸ் என்ற உள்ளூர் பராமரிப்பு நிறுவனம் வளர்ந்தது. ஊர் சந்தா கட்டுகிறது. பற்றாக்குறையைத் தனி அறக்கட்டளை நிதி ஈடுகட்டுகிறது.

“ஏழையிடம் தண்ணீருக்குக் காசா?” என்று கேட்பார்கள். நியாயமான கோபம், ஆனால் ஏழை இப்போதே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், நடையாகவும் இழந்த கூலியாகவும். போர்வெல், பேனல், தொட்டி ஆகியவற்றின் முழுச் செலவும் அரசுடையதாகவே இருக்கட்டும். ஊர்ச் சந்தா மட்டும் பராமரிப்புக்குப் போதாது என்பதற்குக் கிடுயியே சாட்சி. அதனால்தான் மானியத்தைத் திறப்பு விழாவோடு கொட்டித் தீர்க்காமல், ஒரு பங்கை நிறுத்திவைத்து, தண்ணீர் வந்த நாட்களுக்கு மட்டும் பராமரிப்பவருக்குத் தர வேண்டும் என்கிறேன். அப்போதுதான் பழுதை ஓடிவந்து பார்க்க ஓர் ஆள் இருப்பார்.

திறப்பு விழாக் கல்வெட்டில் பம்பைத் தந்தவர் பெயர் தவறாமல் இருக்கிறது. எட்டாவது ஆண்டில் கன்ட்ரோலர் மாற்றப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கேளுங்கள். பாஸ்புக்கைக் காட்டினால் கைதட்டுங்கள். காட்டாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.