ஒரு நாளின் இரு நினைவுகள்

நாட்காட்டியின் ஒரே தேதியில் அமைந்துவிட்ட நிகழ்ச்சிகள் பல. அவற்றை வரிசைப்படுத்துவது பொது அறிவு. அவற்றிடையே உறவு காண்பதே வரலாற்றறிவு எனலாம்.

1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் அம்பேத்கர் தில்லியில் மறைந்தார். 1992-ஆம் ஆண்டு அதே டிசம்பர் 6 அன்று அயோத்தியில் பாபர் மசூதி தகர்க்கப்பட்டது. பின்னைய நிகழ்ச்சி நம் நெஞ்சில் ஆழப் பதிந்துள்ளது, அது இயல்பே. ஆயின் முன்னையதைப் பிறருக்கு உரியதென ஒதுக்கிவிடுகிறோம். அது பிழை என்பதே என் துணிபு.

அம்பேத்கர் தலைமையேற்ற வரைவுக் குழு உருவாக்கித் தந்த அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு, சமய உரிமையை அனைவர்க்கும் உறுதி செய்கிறது. 30-ஆவது பிரிவு, சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை வழங்குகிறது. நம் கல்லூரி நிற்பதும் அப்பிரிவின் நிழலிலன்றோ! 2019 நவம்பர் 9 அன்று அவ்விடத்தைக் கோயில் கட்டுவதற்கு வழங்கிய உச்ச நீதிமன்றமும், பள்ளிவாசலைத் தகர்த்தது சட்டத்தின் ஆட்சியை மீறிய செயலே என்று கூறிற்று.

“சட்டம் இருந்தும் பள்ளிவாசல் காக்கப்படவில்லையே” என மாணவர் வினவலாம். உண்மைதான். ஏட்டிலுள்ள சட்டம் தானே எழுந்து காவாது. அதனை அறிந்து, உரிமை கேட்கும் மக்கள் வேண்டும். துயரை மட்டும் நினைப்பவரிடம் சினமே எஞ்சும்.

ஆகவே, ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 6 அன்று நம் வகுப்புகளில் அவ்விரு பிரிவுகளையும் தமிழில் உரக்கப் படிப்போம். இரு நினைவுகளுக்கும் நாம் செய்யத்தக்க மரியாதை அதுவே.